ஒரு சீட்டு, ரெண்டு வூடு

1. கடைசி சீட்டில் ஒரு ஆள்

வெளிநாட்டு கஸ்டமர் இரண்டு பேர் ஆலையைப் பார்க்க வந்த அன்று, எச்.ஆர். மேனேஜர் ரமணன் முதலில் அவர்களை என் டிரான்ஸ்போர்ட் ஷெட்டுக்குத்தான் கூட்டிவந்தார். லைன், ஸ்டோர்ஸ், டெஸ்டிங் எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் காட்ட நினைத்தது வேனை. பெண் தொழிலாளர்கள் பகிர்ந்து வருவதற்காக விட்டிருந்த வேன். அவருடைய சொந்தத் திட்டம். தலைப்பிள்ளையைக் காட்டுகிற மாதிரி காட்டுவார். பின்கதவைத் திறந்து, "எவ்ரி ட்ரிப், எவ்ரி சீட் ஃபுல்" என்றார்.

கடைசி சீட்டில் ஒரு குழந்தை உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தது. ரமணனைப் பார்த்ததும் உதட்டின்மேல் விரலை வைத்து, "சத்தம் போடாத. மேனேஜரு வந்துருவாரு" என்றது.

கஸ்டமர்களுக்குத் தமிழ் தெரியாது. குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்கள். ரமணனும் சேர்ந்து சிரித்தார். அன்று சாயங்காலமே அந்தக் குழந்தையின் அம்மா கஸ்தூரிக்கு வேலை போய்விட்டது.

வண்டியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வீஸ்களை வடிவமைக்கிற இளைஞர்கள் இப்போது என்னைப் போன்ற ரிட்டயர்ட் ஆட்களைத் தேடி வந்து, "யூசர் நீட்ஸ் எல்லாம் அப்ப எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். கண்டுபிடிக்கவில்லை. கண்ணெதிரே கிடந்ததை மிதித்து நாசம் பண்ணினோம். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. கேட்டது வண்டி

எங்கள் கம்பெனி எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. கார்களுக்கான வயரிங் கட்டுகள் செய்கிற வேலை. லைனில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். திருவொற்றியூர்க் கடலோரக் குப்பங்கள், காலடிப்பேட்டை, எண்ணூர் என்று எல்லாம் பக்கத்து ஆட்கள்தான். நானும் காலடிப்பேட்டைக்காரி. டிரான்ஸ்போர்ட் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, லாரி, வேன், டீசல், டிரைவர் எல்லாவற்றையும் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறு முதல் இரண்டு வரை ஏ ஷிஃப்ட், இரண்டு முதல் பத்து வரை பி ஷிஃப்ட். நெடுஞ்சாலையில் ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றுவிடும். ஷேர் ஆட்டோ அதற்கு நடுவில் மாட்டினால் நகராது. பெண்கள் பாதி வழியில் இறங்கி, டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து ஓடிவருவார்கள். கொஞ்சம் பிந்தினாலும் லேட் மார்க். அதனால்தான், கடலோரமாகச் சுற்றி வருகிற மாதிரி ஒரு வேன் விடுங்கள் என்று கேட்டார்கள். கேட்டது அவ்வளவுதான்.

அவர்கள் கேட்காத ஒன்று ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

குப்பத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒரே ஷிஃப்டில் வேலை செய்ய மாட்டார்கள். ஒருத்தி ஏ என்றால் அடுத்த வீட்டுக்காரி பி. லைன் சூப்பர்வைசரிடம் சொல்லி அப்படித்தான் போட்டுக்கொள்வார்கள். வாரம் மாறும்போது இருவரும் மாற்றிக்கொள்வார்கள். ஏ ஷிஃப்ட்காரி விடியுமுன் கிளம்பும்போது தூங்குகிற குழந்தையை அடுத்த வீட்டில் போட்டுவிட்டுப் போவாள். காலையில் மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் வீட்டில் இருப்பவள் இரண்டு வீட்டுக் குடத்தையும் பிடித்து வைப்பாள். அது தண்ணீர்ப் பஞ்ச காலம். லாரியைத் தவறவிட்டால் அன்றைக்குச் சோறு வடிக்கவே தண்ணீர் கிடையாது. மதியம் பி ஷிஃப்ட்காரி இரண்டு வீட்டுச் சின்னப் பிள்ளைகளையும் ஷேர் ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வருவாள். ஏ ஷிஃப்ட்காரி வெளியே வருவாள். கேட்டுக்கு எதிரே டீக்கடை வாசலில் பிள்ளைகள் கைமாறும்.

தினமும் இரண்டு மணிக்கு அந்த வாசலைப் பார்க்க வேண்டும். "ரசம் கீது, சூடு பண்ணிக்கோ", "இவனுக்கு ஒடம்பு சுடுது, மாத்திர குட்த்துட்டேன்", "கேஸ்காரன் வந்தான், வாங்கி வெச்சிட்டேன்" என்று ஆளாளுக்கு வீட்டையே ஒப்படைப்பார்கள். ஒரு பிள்ளைகூடக் காணாமல் போனதில்லை, ஒரு குடம்கூட நிரம்பாமல் இருந்ததில்லை. இதற்கு எவனும் பிளான் போட்டுக் கொடுக்கவில்லை.

3. கொடுத்தது வேறு

ரமணன் நகரத்தின் தெற்கேயிருந்து தினமும் காரில் வருகிறவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு மறந்துவிடலாம். இவர் சிரித்த முகத்தோடு நல்லது செய்கிறவர். "நம்ம வேன் யூசருக்காக டிசைன் பண்ணினதா இருக்கணும்" என்று மீட்டிங்கில் சொன்னார். கேன்டீனில் போய் ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரே கேள்வி கேட்டார்: "நீங்க எங்க ஏறுவீங்க?"

அவர்களும் ஏறுமிடத்தைச் சொன்னார்கள். அதை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஒரே தெருவில் பாதிப் பேர் ஏ, பாதிப் பேர் பி. வேன் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு தடவை பாதி காலியாகப் போக வேண்டும். உடனே அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. "ஒரு தெரு, ஒரு ஷிஃப்ட்." ஒரு தெருவில் இருக்கிற அத்தனை பேரையும் ஒரே ஷிஃப்டில் போட்டுவிட்டால் வேன் ஒரே தடவையில் நிரம்பிவிடும். டீசல் பாதி.

நான் அப்போதே சொன்னேன். "சார், அவங்க வேணும்னேதான் பிரிஞ்சு வராங்க. பிள்ளைங்களை யார் பாத்துக்கிறது?"

"அது அவங்க பர்சனல் மேட்டர் மேடம். நம்ம ஸ்கோப்ல வராது."

"தண்ணி லாரி வர்ற நேரத்துல தெருவுல ஒருத்திகூட இருக்க மாட்டா சார்."

"ஸ்டோரேஜ் டேங்க் வாங்கிக்கச் சொல்லுங்க."

ஒற்றை அறை வீட்டில் டேங்கை எங்கே வைப்பது, தலையிலா? கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். அவர்கள் வண்டி கேட்டார்கள், இவர் ஷிஃப்டைப் பிடுங்கினார்.

இதோடு இன்னொரு ரூல். வேனில் எம்ப்ளாயீ தவிர யாரும் ஏறக் கூடாது. கழுத்தில் கார்டு இல்லாத யாரும் கூடாது. பிள்ளைகளுக்கு ஏது கார்டு? கையிலிருப்பது கைக்குழந்தையானாலும் இடமில்லை என்று அர்த்தம்.

4. கஸ்தூரி

கஸ்தூரியும் தேசம்மாவும் குப்பத்தில் அடுத்தடுத்த வீடு. கஸ்தூரியின் புருஷன் விசைப்படகில் போகிறவன். போனால் வீடு திரும்பப் பல நாள் ஆகும். ஒரே குழந்தை ரேவதி, பள்ளிக்கூட வயது வரவில்லை. கஸ்தூரி புரொபேஷனில் இருந்தாள். வேலை நிரந்தரமாக இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. பெர்மனென்ட் ஆகிவிட்டால் கடலை நம்பி வயிறு கழுவ வேண்டாம் என்பாள். கை அவ்வளவு வேகம். லைனில் அவள் கட்டிய வயரிங் கட்டு பழுதென்று திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

தேசம்மா மூத்தவள். வாய் ஜாஸ்தி. அவளுக்கு ஒரு சின்னப் பையனும், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்ணும்.

புதுத் திட்டத்தில் அந்தத் தெரு மொத்தமும் ஒரே ஷிஃப்ட். ஏ ஷிஃப்ட் வாரம் வந்தால் தெருவில் வேலைக்குப் போகிற ஒருத்திகூட வீட்டில் இல்லை. முதல் வாரமே இரண்டு பேர் வேலையை விட்டார்கள். குடங்கள் வரிசையில் அப்படியே நின்றன. லாரிக்காரன் தண்ணீரை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனான். மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மூத்த பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். தேசம்மாவின் பெண் தன் தம்பியையும் ரேவதியையும் வைத்துக்கொண்டு, குடத்தையும் பிடித்துக்கொண்டு, வீட்டோடு இருந்தாள். எங்கள் வேன் நிரம்ப வேண்டும் என்பதற்காக ஏதுமறியாத பிள்ளைகளின் வகுப்பறை காலியானது.

கஸ்தூரி என் ஷெட்டுக்கு வந்தாள். "யக்கா, என்னிய மட்டும் வேற ஷிஃப்டுல போட்ருங்க. என் கொயந்தக்கோசரம் அந்தப் பொண்ணு படிப்ப வுட்டுட்டு குந்தினு கீது. மனசு கேக்கல."

ரமணனிடம் போனேன். "ஒருத்தருக்கு மாத்தினா சிஸ்டமே போயிடும்" என்றார்.

அதற்கு மறுநாளிலிருந்து கஸ்தூரி குழந்தையை வேனிலேயே கொண்டுவந்தாள். ஏறும்போது பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்வார்கள். செக்யூரிட்டி எட்டிப் பார்த்தால் ரேவதி சாப்பாட்டுக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவாள். டிரைவர் பாஸ்கர் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்ப்பான், ஒன்றும் பார்க்காத மாதிரி ஓட்டுவான். ஷெட்டுக்கு வந்ததும் வேனை மர நிழலில் போடுவான். இரண்டு மணி வரை ரேவதி வேனில் இருப்பாள், வெயில் ஏறினால் என் ரூமில் இருப்பாள். மதியம் சோறு ஊட்டியது நான். இதில் எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. "மேனேஜர் வந்தா சத்தம் போடக் கூடாது" என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அந்தப் பாடத்தைத்தான் அது மேனேஜருக்கே திருப்பிச் சொன்னது.

அன்று ஷிஃப்ட் முடிந்தும் கஸ்தூரியைக் காத்திருக்க வைத்து, சாயங்காலம் கூப்பிட்டு, "புரொபேஷன்ல இருக்கிறதால என்கொயரி தேவையில்லை. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், வீட்டுல இருந்து குழந்தையைப் பாத்துக்கோ" என்று ரமணன் அனுப்பிவிட்டார். எனக்கும் பாஸ்கருக்கும் மெமோ. நான் அதை அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

கேட்டைத் தாண்டும்போது கஸ்தூரி அழவில்லை. "யக்கா, அது இன்னாக்கா தப்பு பண்ணுச்சு? சும்மா பன்னுதான துன்னுகினு இருந்துச்சு" என்று மட்டும் கேட்டாள்.

5. வேன் காலியாக வந்த நாள்

திங்கட்கிழமை காலை பாஸ்கர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். உள்ளே ஒரு ஆள் இல்லை.

"இன்னாடா, ஒருத்தரையும் காணோம்?"

"ஏற மாட்டேன்ட்டாங்க மேடம். எல்லா ஸ்டாப்புலயும் நின்னுகினுதான் இருந்தாங்க. கைய ஆட்டி போ போன்றாங்க."

அடுத்தாற்போல் ஷேர் ஆட்டோக்கள் வர ஆரம்பித்தன. வந்தது பாதிப் பேர். பழையபடி அடுத்தடுத்த வீட்டில் ஒருத்தி வந்திருந்தாள், ஒருத்தி வரவில்லை. ரமணன் போட்ட ஷிஃப்டை யாரும் மதிக்கவில்லை. லைன் பாதி ஆளோடு ஓடியது. அன்றைக்குப் பார்த்து ஒரு கன்டெய்னரை நிரப்பி ஹார்பருக்கு அனுப்ப வேண்டிய நாள். பிளான்ட் ஹெட் லைனுக்கும் ஆபீசுக்குமாக அலைந்துகொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு மீதிப் பாதி வந்தது. முன்னால் தேசம்மா, இடுப்பில் அவள் மகன், கையில் ரேவதி. பின்னால் ஒவ்வொருத்தியும் இரண்டு மூன்று பிள்ளைகளோடு. டீக்கடைப் பக்கம் போகாமல் எல்லோரும் நேராக கேட்டுக்கு வந்து நின்றார்கள்.

ரமணன் ஓடிவந்தார். "என்ன இது? ஃபேக்டரியா, பால்வாடியா?"

தேசம்மா நிதானமாகத்தான் பேசினாள். "ஃபேக்டரிதான் சார். நாங்க இன்னாத்துக்கு வந்துகினு கீறோம், வேலைக்கித்தான? வேல செய்யணும்னா கொயந்தைங்கள யாராண்டயாச்சும் வுடணும். நாங்க எங்களாண்டயே வுட்டுகினு இருந்தோம். நீதான் எல்லாத்தையும் ஒரே டப்பால போட்டு மூடிட்ட."

"உங்களுக்காகத்தான்மா வேன் விட்டோம்."

"வேனு நல்லாதான் கீது. எங்க வூட்ட ஒடச்சி வேனு வுட்டா எப்பிடி சார் ஏர்றது?"

பிளான்ட் ஹெட்டுக்கு அவள் சொன்ன நியாயம் புரிந்ததா, கன்டெய்னர் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உடனே என் ரூமில் உட்காரவைத்துப் பேசினார். பெண்கள் சொல்லச் சொல்ல நான் வழி போட்டேன். அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்குச் சேர்த்து வேனில் ஒரு சீட். காலையில் ஒருத்தி, மதியம் மற்றவள். மதியம் வருகிறவள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் வேனிலேயே கொண்டுவருவாள். வேலை முடித்தவள் அதே வேனில், அதே சீட்டில், பிள்ளைகளோடு வீட்டுக்குப் போவாள். "ஒரு சீட்டு, ரெண்டு வூடு. அவ்ளோதான் யக்கா" என்றாள் தேசம்மா. வேன் பாதி காலியாகப் போகும் என்று ரமணன் பயந்தாரே, அந்தக் காலி இடம் முழுக்கப் பிள்ளைகளுக்கானது. முதலிலிருந்தே அது பிள்ளைகளுடைய இடம்தான்.

கடைசியாக தேசம்மா, "கஸ்தூரிய திருப்பி எடுக்கணும்" என்றாள்.

"அது தனி கேஸ். பார்க்கலாம்" என்றார் பிளான்ட் ஹெட்.

ஆபீசில் 'பார்க்கலாம்' என்றால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். எனக்குத் தெரியும், தேசம்மாவுக்கும் தெரியும். அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அந்தத் தலைகளைக் குனியவைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

6. போட்டோ

புதிய ஏற்பாட்டின் முதல் நாள் மதியம் நானும் பாஸ்கரோடு வேனில் போயிருந்தேன். ரமணன் குப்பத்து ஸ்டாப்புக்கே வந்தார், கூட ஒரு போட்டோகிராபர். முந்தின வாரம் பால்வாடியா என்று கேட்டவர், "குழந்தைங்களை ஜன்னலோரம் உக்கார வைங்க, நல்லாச் சிரிக்கச் சொல்லுங்க" என்று கையைத் தட்டிக்கொண்டிருந்தார். பச்சோந்திகூட நிறம் மாறக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும்.

கஸ்தூரி அன்று காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை கேட்கப் போயிருந்தாள். அதனால் தேசம்மா வழக்கம்போல் தன் மகனோடு ரேவதியையும் கூட்டிவந்திருந்தாள். ரேவதிக்கு வேன் புதிதா என்ன? எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் ஏறித் தன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். இனிமேல் ஒளிய வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சத்தமாகப் பாட்டுப் பாடினாள். போட்டோ எடுத்தார்கள்.

எடுத்து முடிந்ததும் ரமணன் ரேவதியைக் காட்டி என்னிடம், "மேடம், சர்க்குலர்ல எம்ப்ளாயீஸ் சில்ட்ரன் மட்டும்னுதான் இருக்கு. இது இப்ப எம்ப்ளாயீ குழந்தை இல்லை" என்றார்.

"சார், இந்த வேன்ல பிள்ளைங்க வர்றதே இந்தப் பிள்ளையாலதான்."

"ரூல்னா ரூல் மேடம். இன்ஷூரன்ஸ் ப்ராப்ளம்."

"இறக்கணும்னா நீங்களே இறக்குங்க. நான் தொட மாட்டேன்."

அவரே இறக்கினார். முரட்டுத்தனமாக இல்லை. அக்குளில் கைகொடுத்துப் பூப்போலத் தூக்கி, தரையில் விட்டு, பையிலிருந்து ஒரு சாக்லேட்டையும் எடுத்துக் கொடுத்தார். ரேவதி வாங்கிக்கொண்டாள். குழந்தைதானே.

தேசம்மா மகனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். ரேவதியை நடுரோட்டில் விட்டுவிட்டா போவாள்? வண்டியை எடுக்காதே என்று நான் பாஸ்கரிடம் சொன்னேன். தேசம்மாதான் தடுத்தாள். "வோணாம் யக்கா. நிறுத்தினா உள்ள கீறவங்களுக்கு லேட்டு மார்க்கு வுயும். நீ போ." அன்றைக்கு அவளுக்கு ஆப்சென்ட். வேன் கிளம்பும்போது ரேவதி, எங்கோ ஊருக்கு வழியனுப்புகிற மாதிரி, எல்லோருக்கும் டாட்டா காட்டினாள்.

கஸ்தூரியைத் திருப்பி எடுக்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் நான் கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் பார்க்கலாம் என்றார்கள். அவள் இறால் ஷெட்டில், ஐஸ் தண்ணீரில் கை வெளுத்து, கடலை நம்பியே பிழைத்தாள். பெர்மனென்ட் என்ற பேச்சை அவள் எடுத்து அப்புறம் நான் கேட்டதில்லை.

இளைஞர்களே, உங்கள் சர்வீஸ் எதுவானாலும் ஒன்று செய்யுங்கள். ஒரு ஆளிடம் "எங்கே ஏறுவீர்கள்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "ஏறும்போது யாரை விட்டுவிட்டு ஏறுவீர்கள்?" என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள். நான் படித்த பாடம் அவ்வளவுதான். அதைப் படிக்க ஒருத்தியின் வேலை போக வேண்டியிருந்தது என்பதுதான் ஆறவில்லை.

அந்த போட்டோ பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கம்பெனி ரிசப்ஷனில் மாட்டப்பட்டது. கீழே, எங்கள் குடும்பத்தின் வேன் என்று எழுதியிருக்கும். நான் ரிட்டயர் ஆன அன்றும் அது அங்கேதான் தொங்கியது. வருகிறவர்கள் எல்லோரும் அதில் ஜன்னலோரம் வாய்நிறையச் சிரிக்கிற பெண் குழந்தையைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது ரேவதி.